பச்சை விளக்கை நம்பி ஆளை எடுக்காதீர்கள்

சங்கரன்கோவிலிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் காற்றாலைகள் நிற்கின்றன. தேவர்குளம், ஊத்துமலை, கயத்தாறு என்று செங்கோட்டைக் கணவாய்க் காற்று விழும் வழியெல்லாம் அவைதான். அவற்றின் அடியில் பெரும்பாலும் ஆள் கிடையாது. எது சுற்றுகிறது, எது நின்றுவிட்டது, எதற்குள் சூடு ஏறுகிறது என்பதெல்லாம் தொலைவில் ஏதோ ஓர் அறையில் திரையில் தெரிகிறது. அங்கே உட்கார்ந்திருப்பவர் கயத்தாறைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. காரியம் நடக்கிறது.

இதையே காட்டி ஒரு வாதம் வைக்கிறார்கள். காற்றாலையை அப்படிப் பார்த்துக்கொள்ள முடியும் என்றால், விமான நிலையங்களின் தகவல் தொடர்புக் கருவிகளையும் வழிகாட்டும் கருவிகளையும் ஒரே மையத்திலிருந்து பார்த்துக்கொள்ளக் கூடாதா? நாளுக்கு நாலைந்து விமானங்கள் வந்துபோகும் சின்ன நிலையத்தில் ஷிஃப்ட் போட்டு மின்னணுப் பொறியாளர்களை உட்கார வைப்பானேன்? மையத்தில் நிபுணர்கள் இருக்கட்டும், பழுது திரையில் தெரிந்ததும் பக்கத்து ஊரிலிருந்து ஆளை அனுப்பினால் போதும். செலவு குறையும், பாதுகாப்பும் கூடும் என்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாக இருப்பதால் இந்தக் கருத்தை மறுத்துப் பேசுவோர் குறைந்துவிட்டார்கள். மறுப்பவர் பழமைவாதி, வேலை போய்விடுமே என்று பயப்படுகிறவர் என்று முத்திரை குத்தப்படுகிறார். எனக்கு இதில் போகும் வேலை எதுவும் இல்லை. இந்தக் கருத்து தவறு என்று நினைக்கிறேன். அது அபாயகரமான தவறு என்றும் நினைக்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். இந்த யோசனைக்குள் இரண்டு யோசனைகள் இருக்கின்றன. கருவிகளின் நிலையை ஒரு மையத்தில் திரட்டிப் பார்ப்பது ஒன்று. அப்படிப் பார்க்க முடிவதால் கருவியின் அருகில் இருக்கும் ஆளைக் குறைப்பது இன்னொன்று. முதலாவதை நான் எதிர்க்கவில்லை. ஒரு டிரான்ஸ்மிட்டரின் சக்தி ஆறு மாதமாகச் சிறிது சிறிதாக இறங்கிவருவதைப் பதிவுகளை வைத்துக் கண்டுபிடிக்கலாம். ஒரே மாதிரிக் கருவி நாற்பது இடங்களில் ஒரே விதமாகப் பழுதாவது மையத்தில் இருப்பவருக்குத்தான் தெரியும். இதெல்லாம் உண்மையான பலன். ஆனால் முதலாவதற்கு ஒப்புதல் வாங்கிக்கொண்டு இரண்டாவதை உள்ளே கொண்டுவருகிறார்கள். பணம் மிச்சமாவது இரண்டாவதில்தான்.

காற்றாலை நின்றால் என்ன ஆகும்? மின்சாரம் வராது. யாருக்கோ சில ஆயிரம் ரூபாய் நட்டம். விமானத்தை ஓடுபாதைக்கு இறக்கிவரும் ஐ.எல்.எஸ். கருவி நின்றுபோனாலும் பெரும் ஆபத்து வந்துவிடாது. விமானி அறையில் சிவப்புக் கொடி விழும். அவர் விமானத்தை மேலே தூக்கிக்கொண்டு போய்விடுவார். பயப்பட வேண்டியது கருவி நிற்பதற்கு அல்ல. அது நிற்காமல், தவறான சிக்னலைத் தந்துகொண்டிருப்பதற்குத்தான் பயப்பட வேண்டும். காற்றாலையில் இதற்கு ஈடாக எதுவும் இல்லை. பொய்யான மின்சாரம் என்று ஒன்று கிடையாது. பொய்யான வழிகாட்டல் உண்டு.

ஐ.எல்.எஸ். வேலை செய்வது இப்படி. ஓடுபாதையின் மறுகோடியில் லோக்கலைசர் நிற்கிறது; ஓடுபாதையின் நடுக்கோடு எங்கே என்று விமானத்துக்குச் சொல்வது அது. ஓடுபாதையின் பக்கவாட்டில் கிளைடு பாத் கோபுரம். சுமார் மூன்று பாகை சரிவில் இறங்கிவா என்று சொல்வது அது. இரண்டுமே 90 ஹெர்ட்ஸ், 150 ஹெர்ட்ஸ் என்று இரண்டு தொனிகளை வானில் அனுப்புகின்றன. எந்தத் தொனி ஓங்கி ஒலிக்கிறது என்பதை வைத்து விமானத்தின் கருவி, நீ மேலே இருக்கிறாய், கீழே இருக்கிறாய், இடது பக்கம் விலகிவிட்டாய் என்று சொல்லும். இரண்டும் சமமாக இருந்தால் முள் நடுவில் நிற்கும். சரியான பாதையில் வருகிறாய் என்று அதற்குப் பொருள். மேகத்துக்குள் தரை தெரியாமல் இறங்கும் விமானிக்கு அந்த முள்தான் கண்.

இந்தச் சிக்னலைக் கவனிக்க அந்தந்த இடத்திலேயே ஒரு மானிட்டர் ஏற்கெனவே இருக்கிறது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் பத்தாவது இணைப்பு விதிகளின்படி, முதல் வகை ஐ.எல்.எஸ்ஸில் லோக்கலைசர் வரம்பு மீறினால் 10 விநாடிக்குள்ளும், கிளைடு பாத் வரம்பு மீறினால் 6 விநாடிக்குள்ளும் தவறான சிக்னல் நிற்க வேண்டும். மானிட்டர் தானாகவே மாற்று டிரான்ஸ்மிட்டருக்கு மாறும். அதுவும் சரியில்லை என்றால் கருவியை அணைத்துவிடும். இதில் மனிதக் கைக்கு இடமில்லை, இருக்கவும் கூடாது. அப்படியானால் தொலைவில் இருக்கும் மையம் பாதுகாப்பில் எதைக் கூட்டுகிறது? அணைந்தது என்ற செய்தி அணைந்த பிறகு அங்கே போய்ச் சேரும். அந்தச் செய்தி கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கும் அதே நேரத்தில் கிடைத்துவிடுகிறது.

ஆளுக்கு உண்மையான வேலை வருவது மானிட்டரே செயலிழந்த நாளில்தான். அப்படி ஒரு நாள் வந்திருக்கிறது. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

2000 ஜூலை 29 இரவு, ஏர் நியூசிலாந்தின் 60ஆம் எண் விமானம், ஒரு போயிங் 767, சமோவாவின் ஃபலியோலோ விமான நிலையத்தில் இறங்க வந்தது. கிளைடு பாத் முள் நடுவில் அசையாமல் நின்றது. எச்சரிக்கைக் கொடி எதுவும் விழவில்லை. சரியான சரிவில் வருவதாகவே விமானிகள் நம்பினார்கள். விமானமோ வழக்கத்தைவிட வேகமாகத் தாழ்ந்துகொண்டிருந்தது. ஊர் விளக்குகள் இவ்வளவு அருகில் தெரியக் கூடாதே, தூரக் கணக்கும் உயரமும் பொருந்தவில்லையே என்று கடைசி நேரத்தில் சந்தேகம் வந்து விமானத்தைத் தூக்கினார்கள். அப்போது விமானம் தரையிலிருந்து 400 அடிக்கும் கீழே இருந்தது. ஓடுபாதை இன்னும் ஐந்தரை கடல் மைல் தள்ளி இருந்தது.

நடந்தது என்ன? கிளைடு பாத் கருவியைப் பராமரிப்பின்போது பைபாஸில் போட்டிருக்கிறார்கள். வேலை முடிந்த பிறகும் அது பைபாஸிலேயே விடப்பட்டது. பைபாஸில் இருந்தால் மானிட்டர் கருவியை அணைக்க முடியாது. பழுதுள்ள டிரான்ஸ்மிட்டர் ஓடிக்கொண்டிருந்தது; அது ஏற்ற இறக்கத்தைக் காட்டும் பகுதியை அனுப்பாமல் இரண்டு தொனிகளையும் சம அளவில் சுமந்த ஊர்தி அலையை மட்டும் அனுப்பியது. இரண்டு தொனிகளுக்கும் வித்தியாசமே இல்லாததால், விமானம் எந்த உயரத்தில் இருந்தாலும் முள் நடுவில் நின்றது. இத்தனைக்கும் அங்கே தொலைக் கண்காணிப்பு இருந்தது. ஐ.எல்.எஸ்ஸின் நிலையைக் கோபுரத்துக்குக் காட்டும் கேபிள் ஒன்று இருந்தது. மண் தோண்டும் வேலையில் அது சேதமாகிவிட்டதால் கோபுரத்தில் இருந்தவருக்கு எதுவும் தெரியவில்லை.

மையக் கண்காணிப்பை ஆதரிப்பவர்கள் இதையே தங்கள் பக்கச் சான்றாகக் காட்டுவார்கள்: தப்பு செய்தது மனிதன்தானே, பைபாஸில் விட்டதும் அவன்தானே என்பார்கள். உண்மைதான். நான் மறைக்கவில்லை. ஆனால் அதற்கு மருந்து என்ன? கோபுரம்வரை போகும் கேபிளே அறுந்துபோயிருக்கும்போது, எழுநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மையத்துக்குப் போகும் இணைப்பு எப்படி உயிரோடு இருக்கும்? அந்தத் திரையில் ஒரு கட்டம் சாம்பல் நிறத்தில் இருந்திருக்கும், அவ்வளவுதான். கண்காணிப்பு போய்விட்டது, பராமரிப்பு நடந்த கருவி எந்த நிலையில் விடப்பட்டிருக்கிறது என்று பார், தெளிவாகாவிட்டால் அணைத்துவிட்டு, விமானிகளை எச்சரிக்கும் நோட்டாம் அறிவிப்பைப் போடு என்று சொல்லவும் செய்யவும் ஒருவர் அங்கேயே, அந்தக் கதவைத் திறந்து உள்ளே போகக்கூடிய தொலைவில், இருக்க வேண்டியிருந்தது. ஒரு மனிதரின் தவற்றை இன்னொரு மனிதரின் சரிபார்ப்புதான் பிடிக்கும். பராமரிப்புத் துறைகள் எல்லாவற்றிலும் இரண்டாவது கையெழுத்து இருப்பது இதற்காகத்தான். ஆளைக் குறைக்கும் திட்டம் முதலில் பறிப்பது அந்த இரண்டாவது கையெழுத்தை.

மானிட்டரே காண முடியாதவையும் இருக்கின்றன. கிளைடு பாத் கோபுரம் தன் முன்னால் இருக்கும் தரையைக் கண்ணாடியைப் போலப் பயன்படுத்தித்தான் சரிவை உண்டாக்குகிறது. நேராகப் போகும் அலையும் தரையில் பட்டுத் திரும்பும் அலையும் சேர்ந்து உருவாவதுதான் அந்த மூன்று பாகைப் பாதை. அதனால் முன்னால் உள்ள நிலம் சமமாக இருக்க வேண்டும், புல் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது, டிராக்டரை நிறுத்திவைக்கக் கூடாது. ஐப்பசி மழை பெய்து நின்ற மறுநாள் காலையில் அந்த நிலத்தை நடந்துபார்க்கிற பொறியாளர் செய்யும் வேலை எந்த அளவீட்டுப் பட்டியலிலும் எண்ணாக வராது. எண்ணாக வராததைத் திரையில் காட்ட முடியாது. திரையில் காட்ட முடியாததைச் செலவுக் கணக்குப் பார்ப்பவர் வேலை என்றே ஒப்புக்கொள்வதில்லை.

திசைகாட்டும் கருவியான டி.வி.ஓ.ஆர். கதையும் இதுதான். நடுவில் ஒரு ஆன்டெனா, சுற்றிலும் வட்டமாக 48 ஆன்டெனாக்கள். விமானம் எந்தத் திசையில் இருக்கிறது என்பதை அது சொல்கிறது. அதன் மானிட்டர் ஆன்டெனா நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும். இப்போது பத்துக் கிலோமீட்டர் தள்ளிப் புதிதாக ஒரு காற்றாலைக் கூட்டம் எழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் கோபுரங்களிலும் இறக்கைகளிலும் பட்டுத் திரும்பும் அலைகள் வானத்தில், சில திசைகளில் மட்டும், வழியை வளைத்துவிடலாம். நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மானிட்டருக்கு அது தெரியவே தெரியாது. எல்லாம் பச்சையாகவே இருக்கும். ஐரோப்பிய வழிகாட்டி ஆவணம் வி.ஓ.ஆர். நிலையத்தைச் சுற்றி 15 கிலோமீட்டர்வரை காற்றாலைகளை ஆராயச் சொல்வது இதனால்தான். வானில் போய்ச் சரிபார்க்கும் கேலிப்ரேஷன் விமானம் இதைக் கண்டுபிடிக்கும். ஆனால் அது எப்போதோ ஒரு முறைதான் வரும். இடைப்பட்ட மாதங்களில் யார் கண்? வேலைக்கு வரும் வழியில், இந்தக் கரிசல் காட்டில் போன மாதம் இல்லாத கோபுரம் இந்த மாதம் நிற்கிறதே என்று நிறுத்திப் பார்க்கிறவருடைய கண்தான். காற்றாலையைக் காட்டி வாதம் செய்பவர்கள், காற்றாலையாலேயே வரும் இந்தச் சிக்கல் அவர்களுடைய மையத் திரையில் தெரியாது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இணைப்பைப் பற்றிப் பேசுவோம். மையக் கண்காணிப்பு முழுவதும் ஒரு நூலில் தொங்குகிறது. ஃபைபரோ செயற்கைக்கோளோ, எதுவானாலும் அது ஒரு நூல்தான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் என்ன நடந்தது என்பதை இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் திருச்செந்தூர் விரைவு ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு மாட்டிக்கொண்டு நின்றது. சாலைகள் அறுந்தன, மின்சாரம் போனது, செல்போன் கோபுரங்கள் ஓய்ந்தன. தூத்துக்குடியில் இருக்கும் உறவினர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாமல் எத்தனை குடும்பங்கள் தவித்தன. அந்த நாளில் ஒரு தொலை மையம் வாகைகுளத்தில் உள்ள தூத்துக்குடி விமான நிலையத்தைப் பற்றி எதைத் தெரிந்துகொண்டிருக்கும்? பக்கத்து ஊரிலிருந்து ஆளை அனுப்பலாம் என்கிறார்களே, எந்தச் சாலையில் அனுப்பியிருப்பார்கள்? ஹெலிகாப்டரும் நிவாரண விமானமும் மிகவும் தேவைப்படுகிற நாளும் அதுதான்.

மையம் சென்னையில் அமைகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே 2023 டிசம்பரில், அதற்கு இரண்டு வாரம் முன்பு, மிக்ஜாம் புயலில் சென்னை விமான நிலையமே மூடப்பட்டது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அது நாள்கணக்கில் மூடிக்கிடந்தது. மாற்று மையம் வைப்போம், இரட்டை இணைப்பு வைப்போம் என்று பதில் வரும். வையுங்கள். ஆனால் அந்த இரட்டை இணைப்பின் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஆளைக் குறைத்ததில் மிஞ்சுவது எவ்வளவு என்று பிறகு பார்ப்போம்.

இணைப்பு அறுந்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கா அனுபவித்துவிட்டது. நியூவார்க் விமான நிலையத்தின் அணுகு பாதைக் கட்டுப்பாட்டை 2024 ஜூலையில் நியூயார்க்கின் லாங் ஐலண்டிலிருந்து ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றினார்கள். ரேடார் தகவல் பழைய இடத்திலிருந்து தொலைத்தொடர்புக் கம்பி வழியாகப் புது இடத்துக்குப் போனது. 2025 ஏப்ரல் 28 அன்று அந்த வழி தடைப்பட்டது. ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் கட்டுப்பாட்டாளர்களுக்குத் திரையும் இல்லை, விமானங்களோடு பேச்சும் இல்லை. அன்றைய அதிர்ச்சியில் சிலர் மருத்துவ விடுப்பில் போனார்கள். நாள்கணக்கில் விமானங்கள் ரத்தாகின. அந்த ஒன்றரை நிமிடம் பணியில் இருந்தவர்களுக்கு எவ்வளவு நீண்டிருக்கும்! அவர்கள் கண்ணைக் கட்டியது ரேடார் அல்ல, இடையில் இருந்த தூரம்.

நம் நாட்டிலும் பாடம் கிடைத்திருக்கிறது. 2025 நவம்பர் 6, 7 தேதிகளில் டெல்லியில் தானியங்கிச் செய்தி மாற்று அமைப்பு செயலிழந்தது. ஏ.எம்.எஸ்.எஸ். என்று சொல்லும் அந்த அமைப்புதான் விமானங்களின் பயணத் திட்டங்களைக் கட்டுப்பாட்டாளர்களுக்குக் கொண்டுசேர்க்கிறது. 800க்கும் மேற்பட்ட விமானங்கள் தாமதமாயின. அன்று வானம் காலியாகாமல் காத்தது எது? கட்டுப்பாட்டாளர்கள் உட்கார்ந்து ஒவ்வொரு பயணத் திட்டத்தையும் கையால் எடுத்துக் கொடுத்தார்கள். ஆட்கள் இருந்தார்கள், கையால் செய்யும் முறையும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால் தாமதத்தோடு முடிந்தது. ஓர் இடத்தில் எல்லாவற்றையும் குவித்தால் ஓர் இடத்துப் பழுது எல்லோருடைய பழுதாகிவிடும் என்பதை அதைவிடத் தெளிவாக யாரும் காட்ட முடியாது.

தொலைவில் இருக்கும் நிபுணர் என்ற கருத்துக்கு வருகிறேன். இந்த வாதத்தின் இதயம் இதுதான்: சின்ன ஊரில் சராசரிப் பொறியாளர் நால்வர் இருப்பதைவிட மையத்தில் கெட்டிக்காரர் ஒருவர் இருப்பது மேல் என்கிறார்கள். 2023 ஆகஸ்ட் 28 அன்று பிரிட்டனில் அது சோதிக்கப்பட்டது. லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து பாரிஸுக்குப் போகும் ஒரு விமானத்தின் பயணத் திட்டத்தில், உலகின் இரு வேறு மூலைகளில் இருக்கும் இரண்டு வழிப்புள்ளிகளுக்கு ஒரே குறியீடு இருந்தது. அதைச் சமாளிக்கத் தெரியாமல் பயணத் திட்ட மென்பொருள் தன்னை நிறுத்திக்கொண்டது. மாற்று அமைப்பும் அதே திட்டத்தை வாங்கி அதே போல நின்றது. எல்லாம் 20 விநாடிக்குள். அன்று விடுமுறை. மூத்த பொறியாளர் வீட்டிலிருந்தபடி அழைப்புக்குக் காத்திருக்கும் பணியில் இருந்தார். வீட்டிலிருந்து அமைப்புக்குள் நுழைந்து சரிசெய்ய முடியவில்லை. முழு மறுதொடக்கத்தை நேரில் வந்துதான் செய்ய முடியும் என்றானது. அவர் வந்துசேர ஒன்றரை மணி நேரம். அந்த மறுதொடக்கமும் பலிக்கவில்லை. தயாரித்த நிறுவனத்தை அழைத்த பிறகே காரணம் விளங்கியது. அந்தப் பொறியாளர் முதலிலேயே அங்கு இருந்திருந்தால், இந்த வழி பலிக்காது என்பது ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே தெரிந்திருக்கும். அடுத்த கதவைத் தட்டியிருப்பார்கள். ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் பாதிக்கப்பட்டார்கள். அந்த நாடு நம்மைவிடச் சிறியது, சாலைகள் நல்ல சாலைகள், அன்று அங்கே புயலும் இல்லை.

நிபுணத்துவம் எங்கிருந்து வருகிறது என்பதையும் யோசிக்க வேண்டும். பிரயாக்ராஜில் உள்ள பயிற்சிக் கல்லூரியில் ஐ.எல்.எஸ். என்றால் என்ன என்று கற்றுக்கொடுப்பார்கள். ஆனால் இந்த இடத்து லோக்கலைசர் வெயில் ஏறும்போது எப்படி நகரும், எந்தக் கேபிள் இணைப்பில் மழைக்காலத்தில் ஈரம் இறங்கும், எந்த ஜெனரேட்டர் மின்சாரத்தை மாற்றிக்கொள்ளும்போது ஒரு கணம் தடுமாறும் என்பதை அந்த இடத்தில் இரண்டு மழைக்காலம் கழித்தவர்தான் அறிவார். மையத்தில் இருக்கும் கெட்டிக்காரரும் ஒரு காலத்தில் ஏதோ ஒரு சைட்டில் கையழுக்காகித் தேர்ந்தவர்தான். சைட்டில் ஆள் இல்லாமல் பத்து வருடம் போனால் அடுத்த கெட்டிக்காரர் எங்கிருந்து வருவார்? திரையைப் பார்த்தே வளர்ந்த ஒருவர், திரை அணைந்த நாளில் எதைப் பிடித்துக்கொள்வார்?

மையத்தில் இருப்பவருடைய நிலையையும் நினைத்துப் பாருங்கள். இந்திய விமான நிலைய ஆணையத்தின் பொறுப்பில் நூற்றுக்கும் மேற்பட்ட விமான நிலையங்கள். ஒவ்வொன்றிலும் வி.எச்.எஃப். ரேடியோக்கள், குரல் பதிவுக் கருவி, தூரத்தைச் சொல்லும் டி.எம்.இ., டி.வி.ஓ.ஆர்., சிலவற்றில் ஐ.எல்.எஸ்., ரேடார். ஐப்பசி மாலையில் பத்து ஊர்களில் ஒரே நேரத்தில் இடி இறங்கும். எச்சரிக்கைகள் குவியும். எது உண்மையான பழுது, எது மின்சாரம் தடுமாறியதால் வந்தது என்று பிரிக்க வேண்டும். சென்னையிலும் பெங்களூரிலும் ஏதாவது கோளாறு என்றால் அவர் கை முதலில் எங்கே போகும்? வாகைகுளமும் சேலமும் வரிசையின் கடைசியில்தான் நிற்கும். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவரை அந்த நிலையில் உட்கார வைத்த திட்டத்தைத்தான் குறை சொல்கிறேன்.

பாதிப்பு முதலில் எங்கே விழும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. டெல்லியிலும் மும்பையிலும் யாரும் ஆளை எடுக்க மாட்டார்கள். சின்ன ஊர்களை விமானத்தால் இணைக்கும் உடான் திட்டத்தில் உயிர்பெற்ற சின்ன நிலையங்களில்தான் எடுப்பார்கள். சங்கரன்கோவிலில் விமான நிலையம் இல்லை. எங்கள் ஊர்க்காரர்கள் தூத்துக்குடிக்கும் மதுரைக்கும் போய்த்தான் விமானம் ஏறுகிறார்கள். விசைத்தறிச் சேலை வியாபாரத்துக்காகச் சென்னைக்கும், வேலைக்காக வளைகுடாவுக்கும், சிகிச்சைக்காகவும் போகிறார்கள். 2025 ஜூலை 26 அன்று தூத்துக்குடியில் சுமார் 450 கோடி ரூபாய்ச் செலவிலான புது முனையத்தைப் பிரதமர் திறந்துவைத்தார். 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதை 3,115 மீட்டராக நீண்டிருக்கிறது. பெரிய விமானங்கள் வரப்போகின்றன என்று பெருமைப்படுகிறோம். பெரிய விமானம் என்றால் நிறைய உயிர்கள். கண்ணாடிச் சுவருக்குக் கோடிகளைக் கொடுக்கிற மனம், ஓடுபாதை ஓரத்துக் கூண்டுக்குள் இருக்கும் கருவியைப் பார்த்துக்கொள்ளும் நாலைந்து பேரின் சம்பளத்தில் சிக்கனம் பார்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அமெரிக்காவைப் பாருங்கள் என்பார்கள். அங்கே தொலைக் கண்காணிப்பு பல ஆண்டுகளாகவே நடக்கிறது, கருவிகளின் நிலையைச் சில மையங்களில் உட்கார்ந்தே பார்க்கிறார்கள் என்பார்கள். பார்க்கிறார்கள். 2024 செப்டம்பரில் அந்நாட்டு அரசின் தணிக்கை அலுவலகம் வெளியிட்ட அறிக்கையைப் படியுங்கள்: வான்வழிக் கட்டுப்பாட்டுக்கான 138 அமைப்புகளில் 51 தாக்குப்பிடிக்க முடியாத நிலையில் இருக்கின்றன, இன்னும் 54 அந்த நிலையை நெருங்கலாம் என்கிறது. இத்தனைத் திரைகள் இருந்தும் கருவிகள் கிழடு தட்டின. பழுதைப் பார்ப்பது வேறு, பழுதைச் சரிசெய்யப் பணமும் ஆளும் உதிரிபாகமும் வைத்திருப்பது வேறு. பார்ப்பதற்குச் செலவழித்தவுடன் பராமரித்துவிட்டதாக ஒரு நிம்மதி நிர்வாகத்துக்கு வந்துவிடுகிறது.

தெரிந்திருப்பதால் மட்டும் என்ன பயன் என்பதற்கு மங்களூருவை நினைக்கிறேன். 2010 மே 22 அன்று அங்கே நடந்த விமான விபத்தில் 158 பேர் இறந்தார்கள். தவறான அணுகலைக் கைவிட்டு மேலே போகாமல் தரையிறக்கத் துணிந்த விமானியின் முடிவையே விசாரணை நேரடிக் காரணமாகச் சொன்னது. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த விமானம் தாமதமாகத்தான் கீழிறங்கத் தொடங்கியது. காரணம், மங்களூரு ரேடார் மே 20 முதல் பழுது. பழுது என்று எல்லோருக்கும் தெரியும், நோட்டாமும் போட்டிருந்தார்கள். தெரிந்ததால் ரேடார் திரும்பி வந்துவிடவில்லை. ஒரு கருவி இல்லாத நாளில் மற்ற எல்லாக் காவல்களும் கொஞ்சம் கொஞ்சம் இளகுகின்றன.

கடைசியாக ஒரு வாதம் உண்டு: செயற்கைக்கோள் வந்துவிட்டது, தரைக் கருவிகளின் காலம் முடியப்போகிறது, அவற்றுக்கு இவ்வளவு அக்கறை எதற்கு என்று. செயற்கைக்கோள் வழியாக வழிகாட்டும் ககன் அமைப்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு. இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து உருவாக்கியது. 2022 ஏப்ரலில் ராஜஸ்தானின் கிஷன்கரில் இண்டிகோவின் ஏ.டி.ஆர். விமானம் அதன் துணையோடு இறங்கியது. ஆனால் 2025 நவம்பரில் டெல்லியை நெருங்கிய விமானங்களுக்குப் பொய்யான ஜி.பி.எஸ். சிக்னல்கள் வந்தன, டிசம்பரில் அரசே நாடாளுமன்றத்தில் அதை ஒப்புக்கொண்டு, சென்னை உட்பட வேறு விமான நிலையங்களிலிருந்தும் ஜி.பி.எஸ். குறுக்கீட்டுப் புகார்கள் வந்திருப்பதாகச் சொன்னது. வானத்திலிருந்து வரும் சிக்னலை நம்ப முடியாத நேரத்தில் விமானி திரும்பிப் பார்ப்பது தரையில் இருக்கும் பழைய டி.வி.ஓ.ஆரையும் டி.எம்.இ.யையும் ஐ.எல்.எஸ்ஸையும்தான். தரைக் கருவிகளைக் குறைந்த அளவிலாவது உயிரோடு வைத்திருக்க வேண்டும் என்று உலகமே இப்போது பேசுகிறது. அவற்றை உயிரோடு வைப்பவர்களை அனுப்பிவிட்டு அதைச் செய்ய முடியாது. அது போதாதென்று, இவற்றையும் ஒரே வலைப்பின்னலில் கோத்து மையத்தோடு இணைத்தால், இதுவரை யாரும் வெளியிலிருந்து தொட முடியாதிருந்த கருவிகளுக்கும் ஒரு வாசல் திறக்கிறோம்.

மையம் கருவியைப் பார்ப்பதோடு நிற்காது, இயக்கவும் செய்யும் என்பது எனக்கு இன்னும் பெரிய கவலை. மானிட்டர் அணைத்த ஒரு டிரான்ஸ்மிட்டரைத் தொலைவிலிருந்து ஒரு சொடுக்கில் திரும்ப ஓட வைக்கலாம். விமானம் காத்திருக்கிறது, அட்டவணை கெடுகிறது, அழுத்தம் மேலிருந்து வருகிறது. ஏன் அணைந்தது என்று அளந்து பார்க்காமல் ஓட விடுவது, மானிட்டரின் தீர்ப்பைப் படிக்காமலே கிழித்துப்போடுவதற்குச் சமம். கருவியின் முன்னால் மீட்டரோடு நிற்பவருக்கு அந்த அவசரத்தை மறுக்கும் துணிவு வரும். எண்கள் அவர் கையில் இருக்கும். தொலைவில் இருப்பவரிடம் இருப்பது மறுபடியும் பச்சையான ஒரு விளக்கு மட்டும்தான்.

ஆகவே கண்காணிப்பு மையம் கட்டுவதானால் கட்டுங்கள். ஆனால் அதற்குப் பார்க்கும் உரிமை மட்டும் இருக்கட்டும். அணைந்த வழிகாட்டும் கருவியை மீண்டும் ஓட விடும் அதிகாரம் அந்த இடத்தில் நிற்கும் தகுதிபெற்ற பொறியாளரின் கையெழுத்துக்கே உரியதாக விதியில் எழுதப்பட வேண்டும். விமானம் வந்துபோகும் நேரம் முழுவதும், எந்தச் சின்ன நிலையமாக இருந்தாலும், அப்படி ஒருவர் வளாகத்துக்குள் இருக்க வேண்டும். பைபாஸில் போட்ட கருவியை மீட்டெடுத்ததைச் சரிபார்க்க இன்னொருவர் வேண்டும். மையத்தோடு இணைப்பு அறுந்தால் எத்தனை நிமிடத்துக்குள் நோட்டாம் போட வேண்டும் என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். தென்காசி, தூத்துக்குடி, திருநெல்வேலி நாடாளுமன்ற உறுப்பினர்கள் புது முனையத்துக்கு எத்தனை விமானம் கேட்டு வாங்குகிறார்களோ, அதே குரலில் வாகைகுளத்தில் ஒவ்வொரு ஷிஃப்டிலும் எத்தனை மின்னணுப் பொறியாளர்கள் இருக்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே கேட்க வேண்டும்.